அறுபத்தைந்தாவது ஆட்டத்தில் தூங்கியவன்

"பாஸ், ஒருத்தன் ஒரு மத்தியானம் தூங்கினதுக்கு அறுபது மில்லியன் டாலர் நஷ்டம்னா, எங்கப்பா தூங்கின தூக்கத்துக்கு இந்நேரம் அமெரிக்காவே திவாலாகியிருக்கணும்."

சொல்லிவிட்டு ரூஃபஸ் டில்மன் சாண்ட்விச்சைக் கடித்தான். உள்ளே திணித்திருந்த உருளைக்கிழங்கு வறுவலில் பாதி அவன் மடியில் கொட்டியது. ஆறடி ஒன்பது அங்குல உடம்பை அந்தக் குட்டிக் காருக்குள் மடித்துப் போட்டிருந்ததால் முழங்கால்கள் இரண்டும் தாடையை இடித்துக்கொண்டிருந்தன. கொட்டியதைப் பொறுக்கக்கூட இடமில்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த டெல்லா நோவாக் ஐந்தடிக்கு ஒரு நூல் குறைவு. அடியில் தலையணை போட்டுக்கொண்டுதான் கார் ஓட்டுவாள். பிட்ஸ்பர்க் போலீசில் இருபது வருஷம் குப்பை கொட்டி, கடைசியில் மேலதிகாரியை எல்லோர் முன்னாலும் திட்டித் தீர்த்துவிட்டு வெளியே வந்து துப்பறியும் கடை போட்டவள். ரூஃபஸ் ஒரு காலத்தில் கூடைப்பந்து ஆடியவன். பெரிய லீக்கில் இரண்டே இரண்டு தடவை, பத்துப் பத்து நாள் ஒப்பந்தம். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. டெல்லா கூப்பிட்டாள், ஆபீசில் பல்பு மாற்ற ஆள் வேண்டுமென்று.

"உன் வாய் இருக்கே! போன வாரம் என் பிஸ்கட் டப்பாவை எங்கடா வெச்சே? மூணு நாள் தேடினேன்."

"ஒளிச்சா வெச்சேன்? கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. ஃபைல் அலமாரி மேல."

"யார் கண்ணு முன்னாடி?" டெல்லா பல்லைக் கடித்தாள். "சரி, கேஸை இன்னொரு தடவை சொல்லு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு மனுஷன் தலை உருளப் போகுது. எனக்கு இன்னும் சம்பளக் கணக்கே புரியல. நான் பேஸ்பால் பாக்கறவ."

"சுலபம் பாஸ். ஒரு டீம் மொத்த ஆட்டக்காரங்களுக்கும் சேத்து இவ்வளவுதான் சம்பளம் தரலாம்னு லீக் ஒரு உச்சவரம்பு போட்டிருக்கு. அதுக்குள்ள ஒருத்தனுக்கு அதிகபட்சம் இவ்வளவுதான்னு இன்னொரு வரம்பு. எப்பேர்ப்பட்ட கொம்பனா இருந்தாலும் நூத்துல முப்பது பங்கு. ஆனா அந்த வருஷத்து தலைசிறந்த பதினஞ்சு பேர் பட்டியல்ல பேர் வந்துட்டா, சொந்த டீம் அவனுக்கு முப்பத்தஞ்சு பங்கு தரலாம். அதுக்கு மேல ஒப்பந்தமே கிடையாது. அந்த அஞ்சு பங்கு வித்தியாசம்தான், ஒப்பந்தக் காலம் முழுசுக்கும் சேத்து, அறுபது மில்லியன்."

"பட்டியல்ல வரணும்னா?"

"நல்லா ஆடணும். அதோட அறுபத்தஞ்சு ஆட்டம் ஆடியிருக்கணும். அறுபத்து நாலு ஆடினவன் சாட்சாத் ஆண்டவனா இருந்தாலும் பட்டியல்ல பேர் வராது."

"நம்ம க்வின்ஸி ஆடினது அறுபத்து நாலு."

"அறுபத்து நாலு! அறுபத்தஞ்சாவது, ஞாயித்துக்கிழமை, சீசனோட கடைசி ஆட்டம். க்வின்ஸி ஐயா, கோர்ட்டெஸ் பிப் வீட்டு சோபாவுல குறட்டை."

நடந்தது இதுதான். க்வின்ஸி ஹார்பிசன், பிட்ஸ்பர்க் ஹேமர்ஸ் டீமின் நட்சத்திரம். ஊரே அவன் படத்தைச் சுவரில் ஒட்டிக் கும்பிடுகிறது. ஆட்டம் உள்ள நாளில் மத்தியானம் தூங்குவது இந்த லீக்கில் ஆட்டக்காரர்கள் எல்லோரும் கடைப்பிடிக்கிற வழக்கம். க்வின்ஸி வீட்டில் இரட்டைக் குழந்தைகள், ஓயாத அழுகை. அதனால் அவன் தூங்க வருவது டீமின் மூத்த ஆட்டக்காரன் கோர்ட்டெஸ் வீட்டுக்கு. அன்றைக்கும் கோர்ட்டெஸ் வாழைப்பழமும் வேர்க்கடலை வெண்ணெயும் அடித்துக் கொடுத்த ஷேக்கைக் குடித்துவிட்டுப் படுத்தான். கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள கோர்ட்டெஸ் முன்னதாகவே அரங்கத்துக்குக் கிளம்பிப் போனான்; எழுப்பிவிட வீட்டில் வேறு யாரும் இல்லை. க்வின்ஸி கண் விழித்தபோது ஆட்டம் பாதி முடிந்திருந்தது. ரத்தத்தில் தூக்க மருந்து. அன்று ராத்திரியே டீமின் காவல் அதிகாரி வந்து வீட்டைச் சோதித்ததில், கோர்ட்டெஸின் ஃப்ரிட்ஜ் மேலே நீலப் புட்டி ஒன்று கிடைத்தது. அதே மருந்து.

"கோர்ட்டெஸ் எதுக்குச் செய்யணும்?"

"க்வின்ஸிக்கு அஞ்சு பங்கு கூடினா, வரம்புக்குள்ள அடங்க வேற யாரையாவது வெட்டணும். கோர்ட்டெஸுக்கு வர்ற வருஷ ஒப்பந்தம் உறுதி இல்லாதது. டீம் நெனச்சா காலணா தராம அனுப்பலாம். முதல் வெட்டு அவனுக்குத்தான்னு சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும்."

"அப்போ க்வின்ஸி போட்டிருக்கற மனு?"

"யாரோ மருந்து கொடுத்து ஆட்டத்தைக் கெடுத்தாங்கன்னு நிரூபிச்சா, அந்த ஆட்டத்தை அவன் ஆடினதாவே லீக் எடுத்துக்கும். அறுபத்தஞ்சு ஆயிடும், முப்பத்தஞ்சு பங்கும் கிடைச்சிடும். கோர்ட்டெஸுக்கு ஆயுள் தடை. வயசு முப்பத்தஞ்சு பாஸ். ஆடறதுக்கு மிச்சம் இருக்கறது அந்த ஒரு வருஷம்தான்."

"அவன் என்ன சொல்றான்?"

"அதான் கூத்து. வாயே திறக்க மாட்டேங்கறான். நம்மளைக் கூப்பிட்டதே அவன் பொண்டாட்டிதான்."

கார் ஒஹாயோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. கோர்ட்டெஸ் வீட்டு வாசலில் டெல்லா சட்டென்று பிரேக்கை மிதித்தாள்.

கேட்டை மூடிக்கொண்டு தலையணைகள் குவிந்து கிடந்தன. ஊர்க்காரர்கள் வீசிவிட்டுப் போனவை. ஏப்ரல் மழையில் ஊறி உப்பி, ஒவ்வொன்றின் மேலும் மை கரைந்த வசவு. 'பாம்பு.' 'கூடப் பிறந்தவன் மாதிரி நடிச்சியேடா.' 'நீயும் தூங்கு, எழுந்திருக்காதே.' ஒரு தலையணைக்குள் அழுகிய மீன் வைத்துத் தைத்திருந்தார்கள். அவ்வளவு சிரத்தை! ரூஃபஸ் மிச்ச சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுருட்டி வைத்தான்.

கதவைத் திறந்தது கோர்ட்டெஸின் பெண்டாட்டி லாவெர்ன் பிப். அழுது அழுது முகம் வீங்கியிருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க. என் வீட்டுக்குள்ள ஷூ கிடையாது. ஜனாதிபதி வந்தாலும் கிடையாது."

ரூஃபஸ் கழற்றினான். வலது காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

"ஏற்கெனவே லீக் ஆளும் க்வின்ஸியும் வந்தாச்சு," என்றாள் லாவெர்ன். "அவன் என் சமையல்கட்டுல உக்காந்து என் காபியைக் குடிக்கறான் மேடம். நான் ஊத்திக் கொடுத்தேன். கை பழகிப் போச்சு, என்ன செய்ய?"

டெல்லா குனிந்து வாசலில் வரிசையாக இருந்த ஷூக்களை ஒதுக்கி வைப்பதுபோல் ஏதோ செய்துகொண்டிருந்தாள். மற்றவர்களுக்குக் குனிவது, அவளுக்குக் கொஞ்சம் சாய்ந்தாலே போதும்.

சமையல்கட்டு கோர்ட்டெஸுக்காகவே கட்டியது. மேடை எல்லாம் உயரம். டெல்லாவுக்கு மேடை விளிம்பு மோவாய்க்கு வந்தது. மூலையில் நாற்காலியில் கோர்ட்டெஸ், ஆறடி பதினொன்று, இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான். மேடையருகே உயர ஸ்டூலில் க்வின்ஸி. ஜன்னலோரம் கோட்டும் சூட்டும் வெறும் காலுறையுமாக லீக்கின் விசாரணை அதிகாரி ஹார்லன் ஆஷ்பி. இன்று ஐந்து மணிக்குத் தீர்ப்பு எழுதப் போகிறவர் அவர்தான்.

லாவெர்ன் ரூஃபஸ் கையில் காபியைத் திணித்தாள். அவன் சாமான் அறைக் கதவு நிலையில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான்.

"இந்த வீட்ல இன்னும் போன வருஷம் டிசம்பரா? அப்போ நான் இன்னும் வீட்டு வாடகை கட்ட வேண்டியதில்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. கோர்ட்டெஸ் மட்டும் சடக்கென்று தலையைத் தூக்கிக் காலண்டரைப் பார்த்தான், பிறகு ரூஃபஸைப் பார்த்தான், மறுபடியும் தலையைத் தொங்கப்போட்டான். டெல்லா அதைக் கவனித்துக்கொண்டாள்.

"மிஸ் நோவாக்," என்றார் ஆஷ்பி, "உங்களுக்கு அரை மணி நேரம் தரேன். அதுவே இந்த அம்மா கெஞ்சினதால. புட்டி இவர் வீட்ல இருந்தது. ஷேக் இவர் கையால கொடுத்தது. காரணமும் இவருக்கு இருந்தது. மறுத்து ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு நாலு நாளா கேக்கறேன், பேச மாட்டேங்கறார். நான் என்ன செய்யட்டும்?"

"புட்டி சரியா எங்க இருந்தது?"

"இந்த ஃப்ரிட்ஜ் மேல. பின்னால, சுவரை ஒட்டி. அவ்வளவு உயரத்துல வைக்கறவர் யாரு? உயரமானவர்தானே?"

டெல்லா அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது ஃப்ரிட்ஜின் கதவும் அதில் ஒட்டிய பிள்ளைகளின் படங்களும் மட்டுமே.

"ரூஃபஸ், உன் காபி எங்கடா?"

ரூஃபஸ் கையைப் பார்த்தான். காலி. சுற்றிலும் பார்த்தான். ஃப்ரிட்ஜ் உச்சியில், கோர்ட்டெஸின் கார்ச்சாவிக்கும் ரொட்டிப் பொட்டலத்துக்கும் பக்கத்தில், அவன் கோப்பை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எப்போது வைத்தோம் என்றே அவனுக்கு ஞாபகம் இல்லை.

"அடச்சே! கை தானா வெச்சிருக்கு பாஸ்."

"பாத்தீங்களா ஆஷ்பி சார்? இவனுக்கு அது மேஜை. கோர்ட்டெஸுக்கும் மேஜை. சாவியும் ரொட்டியும் வைக்கற இடம். நீங்க திருட்டுப் பொருளை ஒளிக்கணும்னா சாப்பாட்டு மேஜை நடுவுலயா வைப்பீங்க? உயரமானவன் எதையாவது ஒளிச்சா கீழ ஒளிப்பான். ஏன் லாவெர்ன், பிள்ளைங்களோட கிறிஸ்துமஸ் பரிசை எங்க வைப்பீங்க, இவர் கண்ணுல படாம?"

"சிங்க்குக்கு அடியில," என்றாள் லாவெர்ன் உடனே. "மேல வெச்சா இவருக்குத் தெரிஞ்சிடும். வாய் நிக்காது, பிள்ளைங்க கிட்ட உளறிடுவார்."

"ஆக, புட்டியை வெச்சது ஃப்ரிட்ஜ் மேல்தட்டைக் கண்ணால பாக்க முடியாத ஒரு ஆள். கையை நீட்டி, தடவி, சுவர் வரைக்கும் தள்ளி விட்டுட்டான். நல்ல மறைவான இடம்னு நெனச்சுட்டான். பாவம், சாதாரண உயரம்."

ஆஷ்பி முகத்தில் முதல் தடவையாகச் சின்னச் சலனம். ஆனால் ஆள் லேசுப்பட்டவரில்லை.

"பேச்சு நல்லா இருக்கு. ஆனா புட்டி மத்தியானமே அங்க இருந்திருக்கு. க்வின்ஸி பாத்திருக்கார். ஷேக் குடிக்கறப்பவே."

"அப்படியா தம்பி?" டெல்லா குரலில் தேன் ஒழுகியது. அந்தக் குரலில் அவள் பேசிய மூன்று பேர் இப்போது சிறையில் இருக்கிறார்கள்.

"ஆமா மேடம்," என்றான் க்வின்ஸி. அழகான பையன்; கண்ணில் தேவையான அளவு சோகம். "ஏதோ முட்டி வலி மருந்து போலன்னு நெனச்சேன். அண்ணன் மேல எனக்குச் சந்தேகமே வரல. இப்பவும் எனக்கு மனசு கேக்கல. ஆனா பாத்ததைப் பாத்தேன்னுதானே சொல்லணும்?"

"நின்னுட்டிருந்ததா, படுத்திருந்ததா?"

"படுத்திருந்தது. வெள்ளை மூடி சுவர்ப் பக்கமா."

"காவல் அதிகாரி எடுத்த போட்டோவைக் காட்டினாங்களா உங்களுக்கு?"

"இல்லையே."

"அப்போ நேர்ல பாத்ததுதான். ஸ்டூல்ல உக்காந்துட்டா பாத்தீங்க, நின்னுட்டா?"

"ஃப்ரிட்ஜைத் திறக்கறப்போ, பக்கத்துல நின்னுட்டு."

"கால்ல ஷூ?"

க்வின்ஸி சிரித்தான். "லாவெர்ன் அண்ணி வீட்ல ஷூவா? உயிரோட வெளிய வர முடியாது மேடம்."

"நானே சோதிச்சுப் பாத்துட்டேன் மிஸ் நோவாக்," என்றார் ஆஷ்பி. எழுந்து வந்து ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றார். "நான் ஆறடி ரெண்டு அங்குலம். ஷூ இல்லாமலே மேல்தட்டு எனக்கு நல்லாத் தெரியுது. க்வின்ஸியும் ஆறடி ரெண்டு. லீக் புத்தகத்துல இருக்கு."

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றாள் டெல்லா. "தம்பி, ஸ்டூலை விட்டு இறங்கி ஆஷ்பி சார் பக்கத்துல கொஞ்சம் நில்லுங்க."

அவ்வளவுதான். க்வின்ஸி இறங்கவில்லை; ஸ்டூல் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

ரூஃபஸுக்கு மண்டையில் ஒரு பல்பு எரிந்தது. அவனே ஆறடி ஒன்பது; அவன் ஆடிய காலத்தில் புத்தகத்தில் போட்டது ஆறடி பதினொன்று. அந்த லீக்கில் உயரத்தைக் கூட்டிச் சொல்லாதவன் கையாலாகாதவன். எல்லோரும் செய்கிற பொய், அதனால் யாரும் கண்டுகொள்ளாத பொய். யோசித்துப் பார்த்தால், க்வின்ஸியை வெறுங்காலோடு நிற்க அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. இன்றைக்கும் இவர்கள் வந்ததிலிருந்து அவன் ஸ்டூலை விட்டு அசையவே இல்லை.

"இது எதுக்கு?" என்றான் க்வின்ஸி. "ஒன்பது வருஷமா புத்தகத்துல இருக்கு. என்னை என்ன, சந்தையில மாட்டை அளக்கற மாதிரி அளக்கப் போறீங்களா?"

"வாசல்ல உங்க ஷூவைப் பாத்தேன். உள்ள ரெண்டு அட்டை, ஒண்ணு மேல ஒண்ணு. குள்ளச்சிக்குத் தெரியாதா குள்ளன் வேலை? போலீஸ்ல சேர நானும் அதைத்தான் வெச்சேன்."

க்வின்ஸி முகம் கறுத்தது. ஒரு நிமிஷம்தான். பிறகு அவன் செய்ததை ரூஃபஸ் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவன் மூலையைப் பார்த்துத் திரும்பினான்.

"அண்ணே," என்றான், அத்தனை பாசமாக. "நீ சொல்லுண்ணே. பத்தொன்பது வயசுல இந்த வீட்டுக்கு வந்தவன் நான். என்னை உனக்குத் தெரியாதா? நான் ஆறடி ரெண்டுதானே? சொல்லு."

யாரைக் கேட்கிறான்! யாருடைய கழுத்தில் கயிற்றைப் போட்டானோ அவனையே சாட்சிக்கு இழுக்கிறான். கோர்ட்டெஸ் மெல்லத் தலையைத் தூக்கினான். உதடு அசைந்தது.

"ஆமா," என்றான் கோர்ட்டெஸ். நான்கு நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை. "ஆறடி ரெண்டு."

"பாவி மனுஷா!"

கத்தியது லாவெர்ன். கையிலிருந்த கரண்டியை வீசி எறிந்துவிட்டு சாமான் அறைப் பக்கம் பாய்ந்தாள். கோர்ட்டெஸ் எழுந்து, "லாவெர்ன், வேண்டாம்," என்பதற்குள் போன வருஷத்து டிசம்பர் ஆணியோடு பிய்ந்து வந்தது.

கதவு நிலையில் பென்சில் கோடுகள். பிப் வீட்டுப் பிள்ளைகள் வருஷா வருஷம் வளர்ந்த உயரம், பெயரும் தேதியுமாக. அவற்றுக்கெல்லாம் மேலே, தனியாக ஒரு தடித்த கோடு. பக்கத்தில் கோர்ட்டெஸின் கோணல் எழுத்து: 'க்வின்ஸி. முதல் நாள். வெறுங்கால்.'

ரூஃபஸ் போய் நின்றான். கோடு அவன் மோவாய்க்கு வந்தது. "அஞ்சடி பத்தரை," என்றான். "இதுக்கு மேல இந்தப் பையன் வளர்ந்திருந்தா, அது வாயில மட்டும்தான்."

ஆஷ்பி அந்தக் கோட்டுக்கு எதிரே நின்று பார்த்தார். அது அவர் கண் மட்டத்துக்குச் சற்று மேலே நின்றது. அந்தக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே ஃப்ரிட்ஜின் உச்சி. அந்த உயரத்து ஆளின் கண் எங்கே இருக்கும்? ஃப்ரிட்ஜின் கதவில்.

"ஃப்ரிட்ஜ் மேல புட்டியைப் பாத்தேன்னு ஞாயித்துக்கிழமை ராத்திரி இவன் லீக்குக்குச் சொன்னதைக் கேட்டதும், இந்த மனுஷன் பேசாம சுத்தியலை எடுத்து ஆணி அடிச்சார்," என்றாள் லாவெர்ன் ஆஷ்பியிடம். கண்ணீர் பொங்கி வழிந்தது. "கைக்குக் கிடைச்ச காலண்டரை மாட்டினார். குள்ளன்னு தெரிஞ்சா டீம்ல எடுக்க மாட்டாங்கன்னு பத்தொன்பது வயசுல இவன் அழுதானாம், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு இவர் சத்தியம் பண்ணினாராம். நான் எந்தச் சத்தியமும் பண்ணல!"

"மேல்தட்டைப் பாக்கவே முடியாது," என்றாள் டெல்லா. குரலில் தேன் போயிருந்தது. "ஆனா புட்டி படுத்திருந்ததும் தெரியும், மூடி எந்தப் பக்கம்னும் தெரியும். வெச்சவனுக்கு மட்டும்தான் அது தெரியும். உன் மருந்து. நீயே போட்டுக்கிட்ட. முழிச்சுப் பாத்தா ஆட்டம் போச்சு. உன் தப்புன்னா அறுபத்து நாலோட சரி. அடுத்தவன் தப்புன்னா அறுபத்தஞ்சு. சரிதானா?"

க்வின்ஸி ஸ்டூலை விட்டு இறங்கினான். மறுக்கவில்லை. இறங்கியதும் எவ்வளவு சின்ன ஆளாகத் தெரிந்தான்!

"ஒரு மாசமா தூக்கம் இல்ல எனக்கு," என்றான். "வீட்ல குழந்தைங்க, வெளியில முப்பத்தஞ்சு பங்கு முப்பத்தஞ்சு பங்குன்னு ஊர் முழுக்கப் பேச்சு. சொட்டு கொஞ்சம் கூடிப் போச்சு."

"ஏன்டா தம்பி, நானா கிடைச்சேன்?" கோர்ட்டெஸ் கேட்டான். கோபம் இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் ரூஃபஸுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். "நீயே வந்து சொல்லிடுவேன்னு நெனச்சேன். ஒவ்வொரு ராத்திரியும் கேட் சத்தம் கேட்டா நீதான்னு எழுந்து போய்ப் பாத்தேன். தலையணைதான் வந்து விழுந்துது."

"வேற யாரைண்ணே சொல்றது?" என்றான் க்வின்ஸி. பாசமெல்லாம் வடிந்துபோய், உள்ளே இருந்தது வெளியே வந்தது. "நீ எப்படியும் போறவன். முட்டி ரெண்டும் காலி. மூணு வருஷமா உன்னை டீம்ல வெச்சிருக்காங்களே, எதுக்குன்னு நெனச்சே? உன் ஆட்டத்துக்கா? ஒவ்வொரு கோடையிலயும் ஆபீஸ்ல போய் நான் கேப்பேன், கோர்ட்டெஸ் இருந்தாத்தான் எனக்கு மனசு நிம்மதின்னு. நட்சத்திரம் கேட்டா தட்ட முடியுமா? அவங்க சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போடுவாங்க. உன் சம்பளம் மொத்தமும் நான் போட்ட பிச்சை. குப்பைக்குப் போற பொருளை எடுத்து ஒரு தடவை உபயோகிச்சுக்கிட்டேன். அதுல என்ன தப்பு?"

ரூஃபஸ் ஓரடி முன்னால் வைத்தான். டெல்லா அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள்; அவளுக்கு எட்டியது அதுதான்.

"மனு தள்ளுபடி," என்றார் ஆஷ்பி. முகத்தைச் சுளித்துக்கொண்டு பையை எடுத்தார். "அறுபத்து நாலு ஆட்டம், அவ்வளவுதான். மிஸ்டர் பிப், உங்க பேர்ல எந்தக் களங்கமும் இல்லன்னு இப்பவே டீமுக்கும் பத்திரிகைக்கும் சொல்லிடறேன். க்வின்ஸி, உங்க மேல வேற விசாரணை வரும். வக்கீலைப் பாருங்க."

க்வின்ஸி வாசலுக்குப் போனான். ஷூவை மாட்டி, நாடாவை நிதானமாக இறுக்கி எழுந்து நின்றான். மறுபடியும் ஆறடி ரெண்டு. கேட்டருகே கிடந்த தலையணைகளைத் தாண்டிக் குதித்துக் காரில் ஏறிப் போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லாவெர்ன் டெல்லாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், திரும்ப அழுதாள். மதிய உணவுக்கு இருந்தே ஆகவேண்டும் என்றாள். இன்றைக்கு இந்த வீட்டில் கோழி வறுபடும் என்றாள். ஆஷ்பி ஜன்னலோரம் நின்று போனில் டீம் ஆபீசுக்கு எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, விடைபெற்றுக் கிளம்பினார்.

"பாஸ், ஒரே காபிக் கோப்பையில கேஸை முடிச்சுட்டோம்," என்றான் ரூஃபஸ். "பீஸைக் கூட்டிக் கேக்கலாம்."

டெல்லா சிரிக்கவில்லை. அவள் கோர்ட்டெஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கோர்ட்டெஸின் போன் அடித்தது. ஆஷ்பி கார் இன்னும் தெருமுனை தாண்டியிருக்காது.

கோர்ட்டெஸ் எழுந்து ஃப்ரிட்ஜ் பக்கமாக நின்று பேசினான். மறுமுனையில் பேசியது யார் என்று ரூஃபஸுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

"ஆமா சார்... நன்றி சார்... புரியுது. க்வின்ஸி இல்லாம டீமையே புதுசாக் கட்டணும், இளம் பசங்களை வெச்சு... சரி சார். இல்ல, வருத்தம் எதுவும் இல்ல. நன்றி சார்."

அந்தக் கடைசி 'நன்றி சார்' ரூஃபஸுக்கு நன்றாகத் தெரியும். பத்தாவது நாள் முடிந்ததும் இரண்டு தடவை அவன் வாயாலேயே சொன்னது அது. கடுப்பில் போனைச் சுவரில் அடிக்காமல் அப்படிச் சொல்ல எவ்வளவு பலம் வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"யாரு?" என்றாள் லாவெர்ன், கோழியை வெளியே எடுத்தபடி. "டீம்தானே? மன்னிப்புக் கேட்டாங்களா?"

"டீம்தான்," என்றான் கோர்ட்டெஸ். "பேர் சுத்தமானதுல அவங்களுக்கு ரொம்ப சந்தோஷமாம்."

"பாத்தீங்களா! நான் சொல்லல?" லாவெர்ன் ஓடி வந்து புருஷனை இடுப்போடு கட்டிக்கொண்டாள். முகத்தை அவன் நெஞ்சில் புதைத்து, "இன்னும் ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் ஆடிட்டு நிம்மதியா உக்காரு, போதும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டெல்லா பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் அங்கிருந்து தெரிந்தது கோர்ட்டெஸின் சட்டைப் பொத்தான்தான்.

கோர்ட்டெஸின் முகத்துக்கு நேராக முகம் இருந்தது அந்த அறையில் ஒரே ஆளுக்கு. கோர்ட்டெஸ் பெண்டாட்டியின் தலைக்கு மேலாக ரூஃபஸைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோல் லேசாகத் தலையசைத்தான். ரூஃபஸ் வாயை மூடிக்கொண்டு, ஃப்ரிட்ஜ் மேலிருந்த காபியை எடுத்துக் குடித்தான். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.